ஐசோஸ்டியர் எல்லாம் ஐசோஎலக்ட்ரானிக் தானே? அப்புறம் எதற்கு இரண்டு பெயர்?

பாதரசம்22:

வணக்கம். கேள்வி ரொம்ப அடிப்படையானது, ஆனால் இரண்டு புத்தகம் இரண்டு விதமாகச் சொல்வதால் குழம்பிப்போய்க் கேட்கிறேன். ஒன்றில், மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கை சமமாக இருந்தால் ஐசோஎலக்ட்ரானிக், அவ்வளவுதான் என்று போட்டிருக்கிறது. ஃபுளூரைடு அயனி, நியான், சோடியம் அயனி மூன்றிலும் 10 எலக்ட்ரான், ஆகவே ஐசோஎலக்ட்ரானிக். நைட்ரஜன் மூலக்கூறிலும் கார்பன் மோனாக்சைடிலும் 14, அவையும் அப்படியே. சரி என்று பக்கத்தைத் திருப்பினால் ஐசோஸ்டியர் என்ற தலைப்பிலும் அதே நைட்ரஜன், அதே கார்பன் மோனாக்சைடு வந்து உட்கார்ந்திருக்கின்றன. அங்கே எலக்ட்ரானோடு அணுக்களின் எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

அப்படியானால் ஐசோஸ்டியர் எல்லாமே ஐசோஎலக்ட்ரானிக், ஆனால் ஐசோஎலக்ட்ரானிக் எல்லாமே ஐசோஸ்டியர் இல்லை என்று முடித்துவிடலாமா? முடிக்கலாம்தான், ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது. நியானும் சோடியம் அயனியும் ஆளுக்கு ஒரே அணு, ஆளுக்கு 10 எலக்ட்ரான். அப்போது அவை ஐசோஸ்டியரா? என்னிடம் உள்ள புத்தகங்களில் அப்படி எங்கும் இல்லையே. அடுத்து அசிட்டோன், அசோமீத்தேன். இரண்டிலும் 10 அணு, இரண்டிலும் 32 எலக்ட்ரான் (கூட்டிப் பார்த்துவிட்டேன்), ஆனால் இவற்றை ஒரு ஜோடியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கடைசியாக, மருந்து வேதியியல் கட்டுரை ஒன்றில் பென்சீனுக்கு ஐசோஸ்டியர் தயோஃபீன் என்று இருந்தது. பென்சீனில் 12 அணு, 42 எலக்ட்ரான். தயோஃபீனில் 9 அணு, 44 எலக்ட்ரான். ஒன்றுமே பொருந்தவில்லை!

விதியை மட்டும் சொல்லாமல் ஏன் அப்படி என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கரிமக்கிறுக்கன்:

நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி பாடப்புத்தக அளவில் சரிதான், தேர்வில் வந்தால் தைரியமாக எழுதலாம். ஆனால் காரணம் கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஐசோஎலக்ட்ரானிக், உங்கள் புத்தகத்தின் பொருளில், வெறும் கணக்கு. அணு எண்களைக் கூட்டுங்கள், நேர் மின்சுமை இருந்தால் அந்த அளவு கழியுங்கள், எதிர் மின்சுமை இருந்தால் சேருங்கள், விடை ஒன்றாக வந்தால் வேலை முடிந்தது. அதை வைத்துப் பொருளின் குணத்தைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா என்றால், பல நேரம் முடியாது. 10 எலக்ட்ரான் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: மீத்தேன், அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஃபுளூரைடு, நியான். கொதிநிலை இதே வரிசையில் மைனஸ் 161.5, மைனஸ் 33, 100, 19.5, மைனஸ் 246 டிகிரி செல்சியஸ். எலக்ட்ரான் எண்ணிக்கை சமம் என்பதைத் தவிர இந்த ஐந்துக்கும் என்ன ஒற்றுமை? நடுவில் இருக்கும் மூன்றும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, ஓரத்தில் இருக்கும் இரண்டுக்கும் அந்த வழியே இல்லை. மீத்தேனில் நான்கு ஹைட்ரஜன், நியானில் ஒன்றும் கிடையாது, அதாவது அணு எண்ணிக்கையே 5, 4, 3, 2, 1 என்று இறங்கிக்கொண்டு போகிறது.

ஐசோஸ்டியர் வந்த வழி வேறு. 1919-இல் அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மூர் கேட்ட கேள்வி இது: இரண்டு மூலக்கூறுகளில் அணுக்களின் எண்ணிக்கையும் ஒன்று, எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் ஒன்று, அந்த எலக்ட்ரான்கள் அமைந்திருக்கும் விதமும் ஒன்று என்றால் அவற்றின் இயற்பியல் பண்புகளும் ஒத்துப்போக வேண்டாமா? இந்த மூன்றாவது நிபந்தனையைத்தான் பாடப்புத்தகங்கள் சத்தமில்லாமல் விட்டுவிடுகின்றன. எலக்ட்ரான் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சேர்ந்துவிட்டால் அது வெறும் கணக்காக இருக்காது, இதைப் பார்த்து அதன் குணத்தை ஊகிக்கலாம் என்று நம்மைத் துணிய வைக்கும் ஒரு கூற்றாகிவிடும்.

அவர் காட்டிய ஜோடிகளில் எனக்குப் பிடித்தது கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஸ் ஆக்சைடும். இரண்டிலும் 3 அணு, 22 எலக்ட்ரான், இரண்டும் நேர்கோட்டு மூலக்கூறு, இரண்டின் மூலக்கூறு நிறையும் 44. நிலைமாறு வெப்பநிலை (இதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது) கார்பன் டை ஆக்சைடுக்கு 31, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 36.4 டிகிரி. நிலைமாறு அழுத்தம் 74 பார், 72 பார். ஒன்றில் கார்பன் இருக்கிறது, மற்றதில் கார்பனே இல்லை, ஆனாலும் இவ்வளவு நெருக்கம். நிறமில்லாத இந்த இரண்டு வாயுவையும் இரண்டு குடுவையில் பிடித்து வைத்தால் பார்த்தோ எடை போட்டோ பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு தணல் குச்சியை உள்ளே விட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். நைட்ரஸ் ஆக்சைடில் தணல் குப்பென்று பற்றி எரியும், கார்பன் டை ஆக்சைடில் அணைந்துபோகும். வெப்பத்தில் நைட்ரஸ் ஆக்சைடு உடைந்து ஆக்சிஜனை விடுகிறது, கார்பன் டை ஆக்சைடு விடாது. ஐசோஸ்டியர் என்றால் இயற்பியல் பண்பில் நெருக்கம் எதிர்பார்க்கலாம், வேதிவினையில் அப்படியே நடந்துகொள்ளும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு ஜோடியும் இதே கதைதான். கொதிநிலை மைனஸ் 196, மைனஸ் 191.5. பிணைப்பின் நீளம் 109.8, 112.8 பிக்கோமீட்டர். நிறை இரண்டுக்கும் 28, சாதாரண நிறை நிறமாலைமானியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும், பிரித்துப் பார்க்க 28.006, 27.995 என்று மூன்றாவது தசமம் வரை அளக்கும் கருவி வேண்டும். அப்புறம் இரத்தத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நைட்ரஜனை நாம் மூச்சுக்கு மூச்சு உள்ளே இழுக்கிறோம், ஹீமோகுளோபின் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கார்பன் மோனாக்சைடு அதே ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது.

நியான், சோடியம் அயனி விஷயத்துக்கு நேரடி விடை: ஆம், லாங்மூரின் கணக்கில் அவை ஐசோஸ்டியர்தான். அவர் போட்ட பட்டியலில் ஆக்சைடு, ஃபுளூரைடு, நியான், சோடியம், மெக்னீசியம், அலுமினியம் அயனிகள் எல்லாம் ஒரே குழுவில் இருக்கின்றன. ஓரணு இனங்களுக்கு இரண்டு பெயரும் ஒரே இடத்தில் வந்து விழுவதால் புத்தகங்கள் அதைத் தனியாகச் சொல்ல மெனக்கெடுவதில்லை.

நுண்துகள்:

மேலே சொன்னதில் வரலாறு சரி, ஆனால் 'ஐசோஎலக்ட்ரானிக் என்பது வெறும் கணக்கு' என்பதை அப்படியே விட்டுவிட முடியாது. வேதியியல் பெயர்களையும் வரையறைகளையும் தீர்மானிக்கும் சர்வதேச அமைப்பான ஐயுபேக் கொடுத்திருக்கும் வரையறையைப் பாருங்கள். அதன்படி ஐசோஎலக்ட்ரானிக் என்றால் இணைதிறன் எலக்ட்ரான்களின் (வெளிக்கூட்டில் இருப்பவை) எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும், கட்டமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், அதாவது எத்தனை அணு, எது எதோடு பிணைந்திருக்கிறது என்பதும் பொருந்த வேண்டும், தனிமங்கள் மட்டும் மாறலாம். அங்கே கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன், நைட்ரோசோனியம் அயனி. இன்னொன்று கீட்டீனும் டையசோமீத்தேனும்.

பாதரசம், உங்கள் அசிட்டோன், அசோமீத்தேன் ஜோடியே அந்த வரையறையில் பெயர் சொல்லி இருக்கிறது தெரியுமா? இவற்றின் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்று, ஆனால் கட்டமைப்பு வேறு, ஆகவே இவற்றை ஐசோஎலக்ட்ரானிக் என்று சொல்வதில்லை என்று தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். ஹைட்ரஜனை மறந்துவிட்டு மீதி நான்கு அணுவை மட்டும் தாளில் வரைந்து பாருங்கள். அசிட்டோனில் நடுக் கார்பனைச் சுற்றி மூன்று பேர், இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன், அது கிளை பிரிந்த உருவம். அசோமீத்தேனில் கார்பன், நைட்ரஜன், நைட்ரஜன், கார்பன் என்று நான்கும் ஒரே சங்கிலி. எண்ணிக்கை பொருந்தியது தற்செயல். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும் திரவம், அசோமீத்தேன் அறை வெப்பநிலையில் வாயு. எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் இவற்றை ஐசோஸ்டியர் பட்டியலில் சேர்த்திருப்போம், சேர்த்து ஒரு பயனும் இருந்திருக்காது.

அதாவது ஐயுபேக்கின் ஐசோஎலக்ட்ரானிக், லாங்மூரின் ஐசோஸ்டியருக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அந்தக் கண்டிப்பான பொருளில் மீத்தேனும் நியானும் ஐசோஎலக்ட்ரானிக்கே கிடையாது! பள்ளிப் புத்தகத்தின் பொருளில் இரண்டும் ஐசோஎலக்ட்ரானிக், ஏனென்றால் 10க்கு 10. ஆகவே இணையத்தில் யாராவது இரண்டு பேர் இதைப் பற்றிச் சண்டை போட்டால் பெரும்பாலும் இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்வார்கள், கையில் இருக்கும் வரையறைதான் வேறு. முதலில் எந்த வரையறை என்று கேட்டுவிடுவது நல்லது. மதிப்பெண் யார் போடுகிறாரோ அவருடைய வரையறைதான் அன்றைக்கு வரையறை.

பாதரசம்22:

இரண்டு பேருக்கும் நன்றி. அசிட்டோன் சிக்கல் தீர்ந்தது, வரைந்து பார்த்ததும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. ஆனால் நுண்துகள் 'இணைதிறன் எலக்ட்ரான்' என்று சொல்லிப் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிட்டார். மொத்த எலக்ட்ரானா, இணைதிறன் எலக்ட்ரான் மட்டுமா? கார்பன் டை ஆக்சைடில் மொத்தம் 22, கார்பன் டைசல்ஃபைடில் 38. ஆனால் இணைதிறன் மட்டும் எண்ணினால் இரண்டிலும் 16 வருகிறதே?

நுண்துகள்:

வரும். ஓசோனும் சல்ஃபர் டை ஆக்சைடும் அப்படித்தான், மொத்தம் 24, 32, இணைதிறன் மட்டும் எண்ணினால் இரண்டிலும் 18, இரண்டும் வளைந்த மூலக்கூறு. பள்ளிப் புத்தகம் மொத்த எண்ணிக்கையைக் கேட்கும், அதன்படி இவை ஐசோஎலக்ட்ரானிக் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இவற்றைத் தயங்காமல் ஐசோஎலக்ட்ரானிக் என்று எழுதுவார்கள், கொஞ்சம் ஜாக்கிரதையானவர்கள் 'இணைதிறன் ஐசோஎலக்ட்ரானிக்' என்று எழுதுவார்கள். பிணைப்பையும் வடிவத்தையும் தீர்மானிப்பது வெளிக்கூடுதான், உள்கூடு பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும், அதனால் இது நியாயமான நீட்டிப்பு. ஆனால் அளவு மாறிவிடும். சல்ஃபர் ஆக்சிஜனைவிடப் பெரியது, ஆகவே கார்பன் டை ஆக்சைடு வாயு, கார்பன் டைசல்ஃபைடு 46 டிகிரியில் கொதிக்கும் திரவம். வடிவம் மட்டும் இரண்டிலும் நேர்கோடு.

வடிவம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஐசோஸ்டியரை நான் அதிகம் பயன்படுத்துவது தெரியாத அயனியின் வடிவத்தைச் சட்டென்று ஊகிக்கத்தான். நைட்ரோனியம் அயனி எப்படி இருக்கும்? 7 கூட்டல் 16, கழித்தல் 1, ஆக 22. மூன்று அணு, 22 எலக்ட்ரான், அப்படியானால் கார்பன் டை ஆக்சைடு மாதிரி நேர்கோடு, கோணம் 180. இதில் ஒரு எலக்ட்ரானைச் சேர்த்து நைட்ரஜன் டை ஆக்சைடு ஆக்கினால் 23 ஆகிறது, கோணம் 134க்கு வளைகிறது. இன்னொன்று சேர்த்து நைட்ரைட் ஆக்கினால் 24, கோணம் 115. அதே 24 உள்ள ஓசோனில் 117. எந்தக் கொள்கையையும் விரிவாகப் போடாமல் கூட்டலிலேயே வடிவம் கிடைத்துவிடுகிறது. அசைடு, சயனேட் அயனிகளுக்கும் 22தான், அவையும் நேர்கோடுதான். கார்பனேட், நைட்ரேட், போரான் ட்ரைஃபுளூரைடு மூன்றுக்கும் 4 அணு, 32 எலக்ட்ரான், மூன்றும் தட்டையான முக்கோணம். கால்சைட்டும் சோடியம் நைட்ரேட்டும் ஒரே மாதிரிப் படிகமாவது இதனால்தான், ஒன்றின் படிகத்தின் மேல் மற்றது ஒழுங்காக வளரக்கூடச் செய்யும்.

பழைய_வாத்தியார்:

நல்ல விவாதம். ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் மேலே படித்தால் 'எண்ணிக்கையும் அமைப்பும் ஒன்று என்றால் இயற்பியல் பண்பு கட்டாயம் நெருங்கி வரும்' என்று தோன்றுகிறது. எப்போதும் வராது, தம்பி.

ஈத்தேனை எடு. 8 அணு, 18 எலக்ட்ரான். அம்மோனியா போரேன் என்று ஒன்று இருக்கிறது, ஈத்தேனில் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜன், மற்ற கார்பனுக்குப் பதில் போரான். அதிலும் 8 அணு, 18 எலக்ட்ரான், ஒவ்வொரு பக்கமும் மூன்று ஹைட்ரஜன், அமைப்பிலும் குறை சொல்ல முடியாது. லாங்மூர் கேட்டதெல்லாம் இருக்கிறது. ஆனால் ஈத்தேன் மைனஸ் 89 டிகிரியில் கொதிக்கும் வாயு, அம்மோனியா போரேன் 100 டிகிரிக்கும் மேலேதான் உருகும் வெள்ளைத் திடப்பொருள். ஏன்? எலக்ட்ரான் எண்ணிக்கை சமம்தான், ஆனால் அந்த எலக்ட்ரான்களை இழுக்கும் அணுக்கருக்கள் சமம் இல்லை. ஈத்தேனில் 6, 6 என்று சம பலம். மற்றதில் 7, 5. எலக்ட்ரான் அடர்த்தி ஒரு பக்கம் சாய்கிறது, இருமுனைத் திருப்புத்திறன் (மின்சுமை இரண்டு முனையாகப் பிரிந்து நிற்பதன் அளவு, அலகு டிபை) 5 டிபைக்கு மேல் போகிறது, மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன.

கார்பன் மோனாக்சைடில் இந்த 6, 8 வித்தியாசம் இருந்தும் ஏன் கொதிநிலை நைட்ரஜனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று நீ கேட்க வேண்டும். அங்கே ஒரு அதிர்ஷ்டம். அதன் இருமுனைத் திருப்புத்திறன் வெறும் 0.11 டிபை, அதுவும் எதிர் மின்சுமை முனை கார்பன் பக்கம். ஆக்சிஜன் இழுப்பதும், ஆக்சிஜன் தன் ஜோடி எலக்ட்ரானைப் பிணைப்புக்குக் கொடுப்பதும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. ஆகவே பாடப்புத்தகத்தின் முதல் எடுத்துக்காட்டே கொஞ்சம் சலுகை பெற்ற ஜோடி. அதை வைத்து மற்றதையெல்லாம் எடை போடக் கூடாது.

நடுவில் நிற்கும் ஜோடி பென்சீனும் போரசீனும். 1926-இல் ஆல்ஃபிரட் ஸ்டாக்கும் எரிக் போலாண்டும் கண்டுபிடித்த போரசீனில் போரானும் நைட்ரஜனும் மாறி மாறி அறுகோணமாக உட்கார்ந்திருக்கும். 12 அணு, 42 எலக்ட்ரான், பென்சீனிலும் அதேதான். இரண்டும் நிறமில்லாத திரவம், 'கனிம பென்சீன்' என்று செல்லப் பெயர் கூட உண்டு. கொதிநிலை பென்சீனுக்கு 80, போரசீனுக்கு 55 பக்கம். சுமாரான நெருக்கம். ஹைட்ரஜன் குளோரைடை விட்டுப் பார்த்தால் பென்சீன் அசையாது, போரசீன் மூன்று மூலக்கூறு ஹைட்ரஜன் குளோரைடைச் சேர்த்துக்கொள்ளும், ஏனென்றால் வளையத்தைச் சுற்றிப் போரான் நேர் மின்சுமைப் பக்கமும் நைட்ரஜன் எதிர் மின்சுமைப் பக்கமும் சாய்ந்து நிற்கின்றன. இதையே பெரிதாக்கினால் கிராஃபைட்டும் போரான் நைட்ரைடும். ஒன்று கறுப்பு, மின்சாரத்தைக் கடத்தும். மற்றது வெள்ளை, மின்காப்பி. அடுக்கடுக்கான அறுகோண அமைப்பு மட்டும் இரண்டிலும் இருக்கிறது.

ஓரணு அயனிகளிலும் இதே விஷயம்தான், அங்கே இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ஆக்சைடு 140 பிக்கோமீட்டர், ஃபுளூரைடு 133, சோடியம் 102, மெக்னீசியம் 72, அலுமினியம் 53.5. எல்லாவற்றிலும் 10 எலக்ட்ரான், அணுக்கருவில் புரோட்டான் மட்டும் 8, 9, 11, 12, 13 என்று ஏறுகிறது, ஏற ஏற அந்தப் பத்தையும் உள்ளே இழுத்துச் சுருக்குகிறது. சோடியம் ஃபுளூரைடும் மெக்னீசியம் ஆக்சைடும் ஒரே படிக அமைப்பு. முதலாவது 1000 டிகிரியைத் தொடுவதற்குள் உருகிவிடும், இரண்டாவதை உருக்க 2800 தாண்ட வேண்டும். அயனிகளின் சுமை இரண்டிரண்டாக இருப்பதால் வரும் பிடிப்பு அது. நான் வகுப்பில் எலக்ட்ரானை எண்ணிய கையோடு புரோட்டானையும் எண்ணச் சொல்வேன். எதில் ஒத்துப்போகும் என்று முதல் எண்ணிக்கையும், எதில் பிசகும் என்று இரண்டாவது எண்ணிக்கையும் காட்டிக்கொடுத்துவிடும்.

மருந்துப்பெட்டி:

தயோஃபீனை யாரும் தொடவில்லை, அது என் பக்கம் என்பதால் நான் எடுத்துக்கொள்கிறேன்.

லாங்மூருக்குப் பிறகு இந்தக் கருத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வந்தார்கள். 1925-இல் கிரிம் சொன்னது, ஒரு அணுவோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் அது அட்டவணையில் அடுத்து வரும் அணு மாதிரி நடந்துகொள்ளும் என்று. அதன்படி கார்பனோடு ஒரு ஹைட்ரஜன் சேர்ந்தால் நைட்ரஜன் மாதிரி, இரண்டு சேர்ந்தால் ஆக்சிஜன் மாதிரி, மூன்று சேர்ந்தால் ஃபுளூரின் மாதிரி. இங்கேயே அணு எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை போய்விட்டது, கவனித்தீர்களா? ஹைட்ரஜனைத் தனி அணுவாக எண்ணாமல் பக்கத்து அணுவுக்குள் மூட்டை கட்டிவிடுகிறார். (இது எல்லா இடத்திலும் பலிக்காது. இந்தக் கணக்கில் அம்மோனியம் சோடியம் மாதிரி இருக்க வேண்டும், ஆனால் படிகங்களில் அது பொட்டாசியத்தின் இடத்தில்தான் சுலபமாகப் பொருந்துகிறது, காரணம் அளவு.) 1932-இல் எர்லன்மேயர் இன்னும் ஒரு படி போய், வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் ஒத்திருந்தால் போதும், ஒரு வளையத்தில் இரட்டைப் பிணைப்புள்ள இரண்டு கார்பனுக்குப் பதில் ஒரு சல்ஃபரையும் வைக்கலாம் என்றார். அங்கேதான் பென்சீனும் தயோஃபீனும் ஜோடி சேர்கின்றன. மொத்தக் கணக்கு பொருந்தாது, ஆனால் வளையத்தைச் சுற்றும் பை எலக்ட்ரான் இரண்டிலும் 6.

சும்மா தாளில் போட்ட ஜோடி இல்லை அது. கொதிநிலை பென்சீனுக்கு 80, தயோஃபீனுக்கு 84. 1880களில் விக்டர் மேயர் தயோஃபீனைக் கண்டுபிடித்த கதையே இந்த நெருக்கத்தால் வந்ததுதான். நிலக்கரித் தாரில் இருந்து எடுத்த பென்சீனோடு ஐசாட்டினும் கந்தக அமிலமும் சேர்த்தால் நீல நிறம் வரும், அதைப் பென்சீனின் குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பென்சாயிக் அமிலத்தில் இருந்து தயாரித்த பென்சீனில் நீலம் வரவில்லை. தார் பென்சீனுக்குள் காலங்காலமாக ஒளிந்திருந்த தயோஃபீன்தான் நீலம் கொடுத்தது, நான்கு டிகிரி வித்தியாசத்தில் காய்ச்சி வடித்துப் பிரிக்க முடியாமல் கூடவே வந்துகொண்டிருந்தது.

1951-இல் ஃபிரீட்மன் 'பயோஐசோஸ்டியர்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அதன் பிறகு எங்களுக்கு எலக்ட்ரான் எண்ணிக்கை இரண்டாம்பட்சம்தான். ஒரு தொகுதியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் உடலுக்குள் அதே இலக்கில் போய் உட்கார்ந்து செயல்படுகிறதா என்பதுதான் கேள்வி. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லோசார்டான் மாத்திரையில் இருக்கும் டெட்ரசோல் வளையம் கார்பாக்சிலிக் அமிலத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. உருவத்தைப் பார்த்தால் சம்பந்தமே இல்லை, ஒன்று நான்கு நைட்ரஜன் உள்ள வளையம், மற்றது வளையமே இல்லை. ஆனால் அமில வலிமை கிட்டத்தட்ட ஒன்று, உடலின் நீரில் இரண்டும் புரோட்டானை விட்டுவிட்டு எதிர் மின்சுமையோடு நிற்கும், அந்தச் சுமை இரண்டிலும் பல அணுக்களில் பரவியிருக்கும்.

ஹைட்ரஜனுக்குப் பதில் ஃபுளூரின் வைப்பது இன்னும் பிரபலம். 1 எலக்ட்ரான் எங்கே, 9 எலக்ட்ரான் எங்கே! ஆனால் அளவில் ஃபுளூரின் ஹைட்ரஜனைவிடக் கொஞ்சம்தான் பெரியது, ஆகவே நொதிக்கு அவ்வளவாக வித்தியாசம் தெரிவதில்லை. புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஃபுளூரோயுராசிலில் நடப்பது அதுதான். நொதி அதை வழக்கமான மூலக்கூறு என்று நினைத்து உள்ளே விடுகிறது, 5ஆம் இடத்தில் இருக்கும் ஹைட்ரஜனைப் பிடுங்க வேண்டிய கட்டம் வந்ததும் அங்கே ஃபுளூரின் இருக்கிறது, அது பிடுங்க வராது. வேலை பாதியில் நின்று நொதியே சிக்கிக்கொள்கிறது. அளவில் ஒத்துப்போவதால்தான் உள்ளே போக முடிகிறது, வினையில் ஒத்துப்போகாததால்தான் மருந்தாகிறது. மருந்துக் கட்டுரையில் ஐசோஸ்டியர் என்று பார்த்தால் எண்ணிக்கையைக் கூட்ட உட்காராதீர்கள், பெரும்பாலும் அவர்கள் சொல்ல வருவது பயோஐசோஸ்டியர்.

பாதரசம்22:

அருமை, மூன்றும் தீர்ந்தது. வாத்தியார் சார், புரோட்டானையும் எண்ணச் சொன்னது ரொம்ப உதவுகிறது. கடைசியாக ஒன்றே ஒன்று: சயனேட் அயனி, ஃபல்மினேட் அயனி. இரண்டிலும் 3 அணு, 22 எலக்ட்ரான், இரண்டும் நேர்கோடு. புரோட்டானையும் எண்ணினேன், அதுவும் 21க்கு 21. இவை ஐசோஸ்டியரா?

பழைய_வாத்தியார்:

மூன்று எண்ணிக்கையும் பொருந்தும், ஏனென்றால் இரண்டிலும் இருப்பது அதே மூன்று தனிமங்கள்தான், ஒரு கார்பன், ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். உட்காரும் வரிசைதான் வேறு. சயனேட்டில் கார்பன் நடுவில், ஃபல்மினேட்டில் நைட்ரஜன் நடுவில். இதற்கு மாற்றியம் என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது, ஆகவே ஐசோஸ்டியர் என்று யாரும் சொல்வதில்லை. தனிமங்கள் வேறாக இருந்தும் ஒத்துப்போவதைச் சொல்லத்தான் ஐசோஸ்டியர். எத்தனால், டைமீத்தைல் ஈதர் ஜோடியை நாம் ஐசோஸ்டியர் என்று சொல்லாததும் இதனால்தான், அங்கேயும் 9 அணு, 26 எலக்ட்ரான்.

வெள்ளி சயனேட்டை வோலரும் வெள்ளி ஃபல்மினேட்டை லீபிக்கும் 1820களில் தனித்தனியாகப் பகுத்துப் பார்த்தபோது இயைபு ஒன்றாகவே வந்தது, யாரோ ஒருவர் தப்பாக அளந்துவிட்டார் என்றுதான் முதலில் சந்தேகம். இரண்டு அளவும் சரி என்று தெரிந்து, 1830-இல் பெர்சீலியஸ் மாற்றியம் என்ற கருத்துக்குப் பெயர் வைத்தார். வெள்ளி சயனேட் சாதுவாகப் புட்டியில் கிடக்கும். வெள்ளி ஃபல்மினேட் லேசாக உரசினாலே வெடிக்கும்.